இலகுவான பெடல் எனக்கு வேண்டாம்

இடது பாதத்தில் வலி என்று சொன்னதும் பெடல் ஸ்டீல் (மேசைபோல் படுத்திருக்கும், பெடல்களை மிதித்துத் தந்திகளின் சுருதியை மாற்றும் கிடார்) வாசிக்கும் நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: பெடலை இலகுவாக்கு. நல்ல மனதோடு சொன்னதுதான். என் காலுக்கு அது நேர்மாறான மருந்து.

எனக்கு வலி மிதிப்பதில் இல்லை, சாய்ப்பதில் இருக்கிறது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. அதற்குச் சற்றுக் கீழே, குதிகால் எலும்பும் டாலஸ் எலும்பும் சேருமிடத்தில் இன்னொரு மூட்டு இருக்கிறது. பாதம் பக்கவாட்டில் சாய்வது பெரும்பாலும் அதன் வேலை. எனக்குத் தேய்ந்திருப்பது அதுதான். நடக்கிறேன், படி ஏறுகிறேன், கல்லும் மேடுமான தரையில் மட்டும் முகம் சுளிக்கிறேன். பெடல் ஸ்டீல் முன்னால் உட்கார்ந்தாலோ, கல்லும் மேடுமான தரையில் நடப்பது போலவேதான்.

ஏனென்றால் ஈ9 என்ற பத்துத் தந்திச் சுருதியமைப்பில் இந்த வாத்தியத்தின் பேச்சே அந்தச் சாய்வில் இருக்கிறது. இடதுபுறமுள்ள ஏ பெடல் ஐந்தாம், பத்தாம் தந்திகளைப் பி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். அதற்கு வலப்புறமுள்ள பி பெடல் மூன்றாம், ஆறாம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ சுரத்துக்கு ஏற்றும். 1950-களின் முற்பகுதியில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே பெடலில் வைத்திருந்தார். பிறகு இன்னொரு கலைஞர் பட்டி எம்மன்ஸ் அதை இரண்டாகப் பிரித்தார். இசைக்கு அது பெரும் வரம். இடது பாதமோ அன்றிலிருந்து இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதித்தபடி, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து உருண்டுகொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த மருந்துக்கு வருகிறேன். கிடாரைக் கவிழ்த்துப் பார்த்தால், பெடலின் இழுவையைத் தந்திக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டுகளில் பெல் கிராங்க் என்ற சிறு துண்டுகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் சில துளைகள். இழுகம்பியைத் தண்டுக்கு நெருக்கமான துளையில் மாட்டினால் பெடல் இலகுவாகும். ஆனால் அதே சுருதியை எட்ட அது அதிக ஆழம் இறங்க வேண்டும். தண்டிலிருந்து தள்ளிய துளையில் மாட்டினால் பெடல் கெட்டியாகும், இறங்கும் தூரம் குறையும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. நெம்புகோல் கணக்கு யாருக்காகவும் வளைந்துகொடுப்பதில்லை.

ஏ கீழே, பி மேலே என்று பாதம் நிற்கும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் சாய்வின் அளவு. பெடல் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அவ்வளவு சாய வேண்டும். இலகுவான பெடல் என்றால் கூடுதல் சாய்வு, கூடுதல் வலி. ஆகவே நான் ஊர் சொன்னதற்கு எதிர்த்திசையில் போனேன்: தள்ளிய துளை, குறுகிய பயணம். மிதிக்கும் பாரத்தைத் தொடை பார்த்துக்கொள்கிறது; குதிகாலைச் சற்றுத் தூக்கி, இருக்கையையும் கொஞ்சம் உயர்த்தியதும் அது பழகிவிட்டது. ஏ பெடலிலிருந்து பத்தாம் தந்திக்குப் போகும் இழுகம்பியைக் கழற்றி வைத்துவிட்டேன். நான் அதைத் தேடியதே அபூர்வம், பெடலின் கெட்டித்தனமும் ஓரளவு குறைந்தது.

அடுத்தது உயரம். பெடல்களிலிருந்து மேலே போகும் கம்பிகளின் முனையில் திருகு இருக்கிறது. அதைத் திருகி, பி பெடலை ஏ-வைவிட ஒரு மயிரிழை தாழ்த்தினேன். என் பாதம் ஓய்வில் இருக்கும்போதே உட்புறமாகச் சரிந்திருக்கிறது. பெடல்களும் அந்தச் சரிவிலேயே அதை வரவேற்கட்டும் என்றுதான். இதில் அளவுகோலை நம்பாதீர்கள். வெறுங்காலோடு கண்ணை மூடி உட்கார்ந்து, வலிக்காத இடத்தைப் பாதமே சொல்லும்வரை திருகுங்கள். பிறகு வழக்கமான செருப்பையோ காலணியையோ போட்டு ஒருமுறை சரிபாருங்கள். குறுகலான, கெட்டியான அடிப்பகுதி உள்ள காலணி நல்லது; மெத்தென்ற ஓட்டக் காலணி எந்தப் பெடலில் நிற்கிறோம் என்பதையே மறைத்துவிடும்.

பெரிய மாற்றம், பி பெடலின் வேலையை வலது முழங்காலுக்கும் கொடுத்தது. என் கிடாரில் ஒவ்வொரு தந்தியையும் மூன்று தனித்தனி இழுகம்பிகள் ஏற்ற முடியும். எனவே பி பெடல் அப்படியே இருக்க, வலது முழங்காலால் அங்குள்ள நெம்புகோலை இடப்பக்கம் தள்ளினாலும் மூன்றும் ஆறும் ஏறும்படி செய்தேன். மோசமான நாள்களில் இடது பாதம் ஏ-வில் மட்டும் தட்டையாக நிற்கும். இதற்கு விலை உண்டு. அந்த நெம்புகோலில் முன்பு முதல் தந்தியை ஏற்றி வாசித்த சில நகாசுகள் போயின. வலது பாதம் வால்யூம் பெடலில் இருப்பதால், முழங்கால் நகரும்போது ஒலியும் லேசாகத் தளும்புகிறது.

ஜிம்மி டே என்ற கலைஞரின் பெடல் வரிசைக்கு மாறச் சொன்னவர்களும் உண்டு. என்னுடையது எம்மன்ஸ் வரிசை: இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று மூன்று பெடல்கள். டே வரிசையில் ஏ-யும் சி-யும் இடம் மாறும். ஆகவே பாதம் சாயும் திசையும் மாறும். புதிதாகக் கற்பவருக்கு இது அருமையான யோசனை: உங்கள் பாதம் எந்தப் பக்கம் நோகாமல் சாய்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு எம்மன்ஸா டேயா என்று முடிவெடுங்கள். ஊறிப்போன பழக்கத்தைத் திருப்பிப் போட எனக்குப் பொறுமை இல்லை.

மாறாக, இடத்தை மாற்றிக்கொள்கிறேன். ஜி மேஜர் மூன்றாம் ஃபிரெட்டில் பெடல் இல்லாமலே கிடைக்கிறது. பத்தாம் ஃபிரெட்டில் ஏ-யும் பி-யும் சேர்ந்தால் கிடைக்கிறது. ஆறாம் ஃபிரெட்டில் ஏ பெடலோடு ஈ தந்திகளை எஃப்-க்கு ஏற்றும் முழங்கால் நெம்புகோலைத் தள்ளினாலும் கிடைக்கிறது. இந்த ஆறாம் ஃபிரெட்டுக்குப் பி பெடலே வேண்டாம். உருண்டு வாசித்த பல சொற்கட்டுகளை அங்கே கொண்டுபோய்விட்டேன். நிறம் சற்று வேறு, சிலவற்றுக்கு இதுவே பொருத்தமாகவும் இருக்கிறது.

பாக்கி இருப்பது ஒரு தொல்லை. பி பெடலுக்குச் சுருதி திருத்த ஒரு நைலான் திருகு, முழங்காலுக்கு ஒரு நைலான் திருகு. மூன்றாம் தந்தி இரண்டிலும் ஒரே ஏ சுரத்தில் போய் நிற்க வேண்டும். பெடலில் சரியாக நிற்பது முழங்காலில் துளி கூடிப்போகிறது. இப்போதைக்குப் பெடலுக்குச் சரியாக வைத்துவிட்டு, மிச்சத்தை இடது கையால் தந்திகள்மேல் நகர்த்தும் எஃகுத் துண்டான பாரால் சமாளித்து வருகிறேன்.