நாக்கறுந்த புனிதருக்கு ஒரு நேர்த்தி

இளையவன் மூன்று வயதாகியும் வாய் திறக்கவில்லை. சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிற எங்கட தமிழ்ச் சனம் மனக்கவலை என்றால் ஏறுவது பெல்லெக்ரீனோ மலைக்கு, புனித ரொசாலியாவிடம். நாங்களும் ஏறினோம். ஆனால் மாமி பராமரிக்கப் போகிற வீட்டுக் கிழவி, "பேச்சு வேணுமெண்டால் அல்ஃபியோவைக் கேள்" என்று சொல்லியிருக்கிறா.

அல்ஃபியோ, ஃபிலதெல்ஃபியோ, சிரீனோ என்று மூன்று சகோதரர்கள். 253ஆம் ஆண்டு லெந்தீனியில் வேதசாட்சிகளானார்கள் என்பது மரபு. ஒருவரை நெருப்பில் வாட்டினார்கள், ஒருவரைக் கொதிக்கும் கீலில் போட்டார்கள். அல்ஃபியோவின் நாக்கைப் பிடுங்கினார்கள். நாக்கைப் பறிகொடுத்தவருக்குத்தான் பேச்சின் அருமை தெரியும் என்பது மாமியின் கணக்கு. நேர்த்தி வைத்தா. நாலு வயதில் பிள்ளை கதைக்கத் தொடங்கினான், இத்தாலியனில்.

நேர்த்தி நேர்த்திதானே. மே 10, திருநாளன்று அந்தச் சகோதரர்களின் கோயில் இருக்கிற சான் ஃப்ரதெல்லோவுக்கு வெளிக்கிட்டோம். கடற்கரையை விட்டு நெப்ரொதி மலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஊர் ஏறத்தாழ 675 மீற்றர் உயரத்தில். மாமி வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டே வந்தா.

ஊரின் பெயரே அந்த நடுச்சகோதரர் கொடுத்தது என்கிறார்கள். ஃபிலதெல்ஃபோஸ் என்றால் கிரேக்கத்தில் சகோதரநேசன். அது மருவி 'ஃப்ரதெல்லோ', சகோதரன். சிசிலிக்காரர் வாயில் அது 'ஃப்ரதெட்டு'. ஊர்க்காரர் வாயில் 'ஃப்ரரெயோ'. நடுவிலிருந்த 'த' ரகரமாகிவிட்டது, வாலோ எழுத்தில் பிரெஞ்சுக்காரனின் 'ஷத்தோ' (château, கோட்டை) போல -eau என்று முடிகிறது.

காரணம் ஒரு கல்யாணம். நோர்மன் கோமகன் முதலாம் ருஜ்ஜேரோ 1089இல் வட இத்தாலியின் அலெராமிச்சி குடும்பத்து அதெலாசியாவை மணந்தார். அராபியரிடமிருந்து பிடித்த தீவில் இலத்தீன் கிறிஸ்தவர்களைக் குடியேற்ற வேண்டியிருந்தது. அவளுடைய சொந்தச் சீமையான பியமொந்தே, லிகூரியா பக்கமிருந்து சனம் வந்தது. 'லொம்பார்துகள்' என்று பெயர். நிக்கோசியா, பியாத்சா அர்மெரீனா, நொவாரா எல்லாம் அவர்கள் இருந்த ஊர்கள்தான். இந்த ஊரும் அப்படித்தான், அவர்கள் கொண்டுவந்த வட இத்தாலியப் பேச்சு இன்னும் இங்கே இருக்கிறது.

கறுப்புப் புனிதர் பெனெதெத்தோவும் 16ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர், ஆபிரிக்க அடிமைகளின் பிள்ளை. அவரும் சிறுவயதில் இந்தப் பேச்சைத்தான் கதைத்திருப்பார் என்று நினைக்க எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

பழைய மலை உச்சியில் நோர்மன் காலத்துக் கோயில். வெறுங்கல், பெரிய அலங்காரம் இல்லை. பவனியில் குதிரைகள் ஏறி வந்தன. சேணத்துக்கெல்லாம் வண்ண நூல் குஞ்சங்கள், வியர்வை வாடை. மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டா. அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கழற்றாதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே குதிரையோடு நின்ற கிழவர் சிசிலியனில் எங்களை எந்த ஊர் என்று விசாரித்தார். அந்நேரம் பேரன் வந்தான். அவனோடு அவர் கதைத்ததில், பதினைந்து வருடமாகச் சிசிலியன் கேட்கிற எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி மறுபடி சிசிலியன்.

"அது என்ன ஐயா?"

"அது வீட்டுக்கு. இது வெளியாட்களுக்கு."

மாமிக்குத் தமிழில் சொன்னேன்.

"எவ்வளவு காலமா அப்பிடி வைச்சிருக்கினம்?"

"தொள்ளாயிரம் வருசம் வரும், மாமி."

ஒன்றும் சொல்லாமல் செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனா. வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. மாமி மெதுவாகப் பேசத் தெரியாதவ.

"பேச வைச்சீர், சந்தோசம். என்னோடையும் கதைக்க வையும்."

மகன் அதற்குள் குதிரையின் மூக்கைத் தடவிக்கொண்டு, அதன் பெயர் என்ன என்று அந்தப் பேரனிடம் இத்தாலியனில் கேட்டுக்கொண்டிருந்தான்.