மூய்சன்பர்க் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை

கேப் டவுனிலிருந்து ரயிலேறி மூய்சன்பர்க்கில் இறங்கினேன். கடற்கரையில் வரிசையாக நிற்கும் வண்ண மர அறைகளைப் பார்த்தபடி சாலையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சின்ன வீடு. தென்னாப்பிரிக்காவில் வைரச் சுரங்க முதலாளியாகவும் பிரிட்டிஷ் ஆட்சியின் அரசியல்வாதியாகவும் இருந்த செசில் ரோட்ஸ் இறந்தது இங்கேதான். 1902 மார்ச் 26, வயது 48.

மாளிகையை எதிர்பார்த்துப் போன எனக்கு அந்தப் படுக்கையறை திகைப்பைத் தந்தது. இதய நோயால் மூச்சு முட்டியவருக்குக் கடற்காற்று கிடைக்கட்டும் என்று அதன் சுவரை உடைத்து ஓட்டை போட்டார்களாம். சுவரருகே வெகுநேரம் நின்றேன்.

1870இல், 17 வயதில், உடல்நலம் குன்றிய பையனாக தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து அண்ணனோடு பருத்தி பயிரிட்டவர் ரோட்ஸ். மறு ஆண்டே கிம்பர்லி வைரக் குழிகளுக்குப் போய்விட்டார். குழியில் ஊறும் தண்ணீரை பம்பு வைத்து இறைத்துக் கொடுத்தும் காசு பார்த்தார். பிறர் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, 1888இல் டி பீர்ஸ் என்ற ஒரே வைர நிறுவனமாக்கினார். போட்டிச் சுரங்கத்தை வாங்க மறு ஆண்டு கொடுத்த காசோலை 53,38,650 பவுண்டு!

1881இலேயே கேப் என்ற பிரிட்டிஷ் காலனியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1890இல் அதன் பிரதமர். வைர வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தாரா என்றால், இல்லை. முதலாளியே சட்டமும் இயற்றினார். வாக்குரிமைக்கான சொத்து மதிப்பு 25 பவுண்டிலிருந்து 75ஆக உயர்ந்தது 1892இல், அவர் ஆட்சியில். கறுப்பின மக்கள் பலர் வாக்கிழந்தார்கள். 1894இல் வந்த கிளென் கிரே சட்டம், கூலி வேலைக்கு வெளியூர் போகாத ஆண்களுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் வரி போட்டது.

கிம்பர்லியில் தொழிலாளர்களை வேலி சூழ்ந்த வளாகங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் முன்பு, வைரத்தை விழுங்கியிருப்பார்களோ என்று உடையைக் களையவைத்து நாள்கணக்கில் காவலில் போட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து வைரம் என்றாலே எனக்கு அந்த மனிதர்களின் ஞாபகம்தான்.

பக்கத்து போயர் குடியரசான டிரான்ஸ்வாலின் அரசைக் கவிழ்க்க ரோட்ஸின் கூட்டாளி ஜேம்சன் நடத்திய படையெடுப்பு தோற்றதும், 1896 ஜனவரியில் ரோட்ஸின் பிரதமர் பதவி போயிற்று.

மறுநாள் காலை கேப் டவுனின் டெவில்ஸ் பீக் மலைச்சரிவில் அவருடைய நினைவிடத்துக்குப் போனேன். கருங்கல் தூண்கள், எட்டு வெண்கலச் சிங்கங்கள், அகன்ற படிகள். கீழே கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் சிலையை மாணவர்கள் போராடி 2015 ஏப்ரல் 9 அன்று அகற்ற வைத்தார்கள். மேலே சிங்கங்கள் அப்படியே இருக்கின்றன. கிம்பர்லிக் குழியில் மண் அள்ளியவர்களில் ஒருவர் பெயராவது இருக்குமா என்று படிப்படியாகத் தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.