பத்து பாயிண்ட்டுகளும் ஓர் ஊற்றுநிலமும்

ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியவுடன் வாடகை வண்டி ஓட்டுநர்கள் நம் கையில் திணிப்பது, பத்து இடங்களின் பெயர்கள் அச்சிட்ட ஓர் அட்டை. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி என்று நீளும் அந்த வரிசையின் கடைசியில் சேர்வராயன் கோயில் இருக்கும். மற்ற ஒன்பதும் வேண்டாம், பூக்களையும் அவற்றுக்கு வரும் பூச்சிகளையும் படம் எடுக்கச் சேர்வராயன் உச்சி மட்டும் போதும், ஆனால் விடியும் முன் கிளம்பி நண்பகல்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, ஓர் ஓட்டுநர் கேட்ட தொகை 1,800 ரூபாய். ஏரியிலிருந்து கோயில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். “பத்து பாயிண்ட்டுக்கும் அதே ரேட்டுதான் சார், நீங்க ஒண்ணு மட்டும் பாக்கறதுக்கு நான் என்ன பண்றது?” என்றார். பேசிப் பேசி 1,400-க்கு ஒத்துக்கொள்ள வைத்தேன். தங்கும் அறைக்குக் கொடுத்ததைவிட அது அதிகம் என்பதை நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது. பேருந்தில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வருவதற்கு ஆன செலவு இதன் முன் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் போன இடம் அந்தப் பணத்துக்கு மேலேயே கொடுத்தது. சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர் உயரம். குகைக்குள் இருக்கும் கோயிலைச் சுற்றி மரங்கள் அதிகமில்லாத அகன்ற புல்வெளி பரந்து கிடக்கிறது. இந்த மலைத்தொடரின் உச்சிகளில் பாக்சைட் படிந்திருப்பதும், அதை அலுமினியத்துக்காக நெடுங்காலம் வெட்டி எடுத்ததும் சேலத்துக்காரர்கள் அறிந்த செய்திகள். அந்தப் படிவம் மழைநீரை எளிதில் உள்ளே விடும். அதன் அடியில் இருக்கும் களிமண் விடாது. எனவே உள்ளே இறங்கிய நீர் களிமண்ணின் மேல் தேங்கி, சரிவு தொடங்கும் விளிம்புகளில் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. அப்படிக் கசியும் இடத்தில் மழைக்காலம் முழுவதும் புல்தரை சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். நீலகிரியின் உயரங்களில் இருப்பதுபோல் மக்கிய தாவரம் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு இது அல்ல. மாடு மேய்க்க வந்த ஒரு பாட்டி “ஊத்து” என்று ஒரே சொல்லில் சொன்னதுதான் இதற்குச் சரியான பெயர். மழை பல காலமாகக் கழுவிக் கழுவி இந்த மண்ணில் சத்தே இல்லை. அதனாலேயே உயரமான செடிகள் இங்கே வந்து நெருக்குவதில்லை. சத்தில்லாத ஈரத்தில் பிழைக்கத் தெரிந்த சிறு பூண்டுகளுக்கு வெயில் முழுதாகக் கிடைக்கிறது.

புரட்டாசி முடியும் தறுவாயில் போனேன். மூடுபனி விலகாத அந்த நேரத்தில் பூக்களைத் தேடுவதைவிடப் புல் தண்டுகளைப் பார்ப்பது நல்லது என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். நீலவரித் தேனீயின் ஆண்களுக்குக் கூடு கிடையாது. இரவில் அவை ஒரு காய்ந்த தண்டைத் தாடைகளால் கவ்விப் பிடித்து, கால்களை மடக்கிக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தூங்கும். அப்படி ஒரு தண்டு முழுவதும் அவை வரிசையாகத் தொங்குவதைக் கண்டேன். வயிற்றின் நீலப் பட்டைகள்மேல் பனித்துளிகள் உட்கார்ந்திருந்தன. குளிரில் அவற்றால் பறக்க முடியாது என்பதால் கேமரா முக்காலியைத் தாழ்த்தி, மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளிச்சம் கூடியதும் ஒவ்வொன்றும் பறப்பதற்கான தசைகளை இறக்கை விரியாமலே அதிரவைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாகத் தண்டை விட்டுப் பறந்து போயின. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேமராவை எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. பார்த்ததே போதும் என்று இருந்தது.

வெயில் வந்ததும் பூக்களின் நேரம். கானாம்வாழையை முதலில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் காலையில் விரியும் அதன் நீலப்பூ நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதில் தேன் கிடையாது. மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும் மேல் கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் இழைகள்) பெரும்பாலும் வண்டினங்களை இழுப்பதற்கானவை. உண்மையான மகரந்தத்தைக் கொடுக்கும் கேசரங்கள் கீழே அடக்கமாக நீண்டிருக்கின்றன. அந்த மஞ்சளை நோக்கி வந்து இறங்கும் பூ ஈயின் அடிவயிறு சரியாக அந்தக் கீழ்க் கேசரங்களில் உரசும் தருணத்தைப் பிடிப்பதற்குப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் அழகான நீலப்பூ கிடைக்கும். பூ என்ன வேலை செய்கிறது என்பது கிடைக்காது. இணையத்தில் நாம் பார்க்கும் காட்டுப்பூப் படங்களில் பெரும்பாலானவை நின்றபடி குனிந்து எடுத்தவை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

அழுகண்ணி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே கூடாது. செந்நிற இலைகளின் மயிர்நுனிகளில் பசைத்துளி மின்னுவதைப் பனி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். சுற்றிலும் பனி காய்ந்த பிறகும் மின்னுவது எதுவோ அதுதான் அழுகண்ணி. மண் கொடுக்காத நைட்ரஜனைப் பூச்சிகளைச் செரித்து எடுத்துக்கொள்ளும் அந்தச் செடிக்கு மகரந்தம் சேர்க்கவும் பூச்சிகள் தேவைப்படுவதால், பூக்காம்பு இலைகளிலிருந்து விலகி உயர்ந்து நிற்கிறது. பூ விரிந்திருப்பதும் நல்ல வெயில் உள்ள சில மணி நேரங்களுக்கு மட்டுமே. விருந்தாளியாக மேலே ஓர் ஈயும், இரையாகக் கீழே ஒரு கொசுவும் ஒரே சட்டகத்தில் கிடைத்தன. இந்தப் பயணத்தின் சிறந்த படம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஊதா நிறத்தில் பெரிதாகப் பூத்திருந்த ஆஸ்பெக்கியா புதர் ஈரத்தின் விளிம்பில் இருந்தது. அதன் மகரந்தப்பைகள் வெடித்துத் திறப்பவை அல்ல. நுனியில் ஒரு சிறு துளை மட்டும் உண்டு. பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும் தேனீக்கு மட்டுமே அந்தத் துளை வழியாக மகரந்தம் கொட்டும். நம் அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீக்கும் தச்சுத் தேனீக்கும் தெரியும். காலையில் தண்டில் தூங்கியவற்றின் இனத்துப் பெண் தேனீ ஒன்று வந்து பூவில் அமர்ந்ததும் எழும் ‘ர்ர்ர்’ ஒலி, பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையாக, காதுக்கருகில் தெளிவாகக் கேட்டது. அந்த ஒலி நின்றவுடன் அது அடுத்த பூவுக்குப் போகும் என்பதால், கண்ணைவிடக் காதை நம்பிப் பொத்தானை அழுத்துவது பலன் தந்தது.

கருவியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைச் சேலத்தில் ஒரு நாளைக்கு 700 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பூச்சியின் நிஜ அளவிலேயே உருவம் கேமராவுக்குள் விழும்படி எடுக்கும்போது துல்லியம் விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். லென்ஸின் துளையை எஃப் 11-இல் வைத்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மயிரிழையாக அசைத்துக் குவிப்பதே எளிது. எஃப் 16-ஐத் தாண்டினால் ஒளி வளைந்து படம் மழுங்கும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டாமல் எடுத்தால் தேனீயின் முதுகு கண்ணாடித் தட்டு மாதிரி வெளிறிவிடும். வாடகைப் பணம் மிச்சமாக வேண்டுமென்றால், பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம் ஒன்று வாங்கினால் தூங்கும் தேனீக்களுக்குத் தாராளமாகப் போதும், பறப்பவற்றுக்கு உதவாது.

பத்து மணிக்கு மேல் மற்ற வண்டிகள் வந்தன. அதன் பிறகு நடந்ததுதான் என்னை இதை உடனே எழுத வைத்தது. எங்கள் ஓட்டுநர், வண்டியைத் திருப்புவதற்குப் பாதையிலேயே இடம் இருக்க, நேராக ஊற்று நிலத்தின் மேல் ஏற்றிப் பின்னால் எடுத்தார். சக்கரத் தடம் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்து, அதில் சேற்று நீர் நிரம்பியது. சற்று முன் நான் முழங்காலிட்டிருந்த இடத்துக்கு மிக அருகில் சின்ன ஊதாப் பூக்களோடு நின்ற யூட்ரிகுலேரியாக்கள் அதில் புதைந்துவிட்டன. வேரே இல்லாமல், ஈர மண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்து, கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில் இரையை உறிஞ்சிக்கொள்ளும் செடி அது. “வெறும் புல்லுதானே சார்” என்றார் அவர். அவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். குனிந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு காத்திருந்ததற்குத் தனியாக 300 ரூபாய் வேண்டும் என்றார். முன்பே பேசிய தொகையைத் தவிர ஒரு ரூபாயும் தரவில்லை. சேதப்படுத்தியதற்கு அவர்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதை அவரிடமே சொல்லிவிட்டேன். பாதையோரம் வரிசையாகக் கல் நட்டால்கூட இது நிற்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வண்டி வாடகையைவிட அதிகமிராது.

இறங்கி வந்து, சேலத்தில் மாலையில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், இருவகைச் சட்னியும். காலையிலிருந்து பிஸ்கட்டில் ஓடிய வயிற்றுக்கு அதைப்போல் எதுவும் இனித்திருக்காது. மூன்று செட் சாப்பிட்டும் நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

போக நினைப்பவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள், வண்டிச் செலவு தலைக்கு 400 ரூபாய்க்குள் அடங்கும். நடக்க முடிந்தவர்கள் ஏரியிலிருந்து இருட்டோடு கைவிளக்குடன் நடந்தே போய்விடலாம். வழி நெடுகக் காப்பித் தோட்டங்கள். ரப்பர் காலணி கட்டாயம், புல் திட்டுகளின் மேல் மட்டும் கால் வையுங்கள், எதையும் பிடுங்காதீர்கள். தை பிறந்தால் ஊற்று வற்றத் தொடங்கிவிடும் என்று அந்தப் பாட்டி சொன்னார். யூட்ரிகுலேரியாவின் பூவுக்கு வரும் பூச்சியை இன்னும் நான் படம் எடுக்கவில்லை. கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் மறுபடி போவதற்கு இப்போதே உண்டியலில் பணம் போட ஆரம்பித்துவிட்டேன்.