மதிப்பாய்வாளரைத் தேடி

பல்கலைக்கழகத்தில் சட்ட ஆய்விதழ் தொடங்கியபோது எல்லாரும் முதலில் கேட்டது ஐஎஸ்எஸ்என் வாங்கியாச்சா என்றுதான். ஓர் இதழை அடையாளம் காட்ட, டெல்லியில் விண்ணப்பித்தால் கட்டணமில்லாமல் கிடைக்கிற எட்டு இலக்க எண் அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாடெல்லாம் மதிப்பாய்வில்தான், அதாவது வந்த கட்டுரையைத் துறை தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதில்தான். 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் லா ரிவ்யூவைப் போல அமெரிக்கச் சட்ட இதழ்கள் பலவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள்; கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. நாங்கள் இருபக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்று முடிவு செய்தோம்; எழுதியவர் யார், மதிப்பாய்வாளர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது. ஆனால் கடல்சார் சட்டம் போன்ற துறையில் எழுதுகிறவர்களே சிலர்தான், எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டாலும் அடிக்குறிப்பில் "எனது முந்தைய கட்டுரையைக் காண்க" என்று இருக்கும். வேர்ட் கோப்பின் விவரங்களில்கூட பெயர் உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் துடைப்பதே தனி வேலை.

மதிப்பாய்வாளர்களில் "நன்று, வெளியிடலாம்" என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் மறுபடி அனுப்புவதில்லை. ஒரு மூத்த வழக்கறிஞர், கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்த தீர்ப்புகளை எடுத்துப் படித்து, இது பெரும்பான்மைத் தீர்ப்பு இல்லை, மாறுபட்ட தீர்ப்பு என்று குறித்து அனுப்பினார். அப்படிப்பட்டவருக்கு எங்களால் கொடுக்க முடிந்தது ஒரு நன்றிக் கடிதம்தான். மதிப்பாய்வு செய்ததற்கு எங்கள் பல்கலைக்கழகப் பதவி உயர்வில் எந்தக் கணக்கும் கிடையாது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

2024 ஜூலை 1இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது கையிலிருந்த கட்டுரைகள் பலவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் அதே எண் முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. பழைய தீர்ப்பைப் பேசும் இடத்தில் பழைய எண்ணே நிற்க வேண்டும். கணினியில் மொத்தமாக மாற்றியவர்கள் கட்டுரையைக் குழப்பி வைத்தார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான கேர் 2019இல் வந்ததிலிருந்து "கேரில் இருக்கிறதா?" என்ற கேள்விக்கே தினமும் பதில் சொன்னோம். 2025இல் பட்டியலைக் கைவிட்டு, இதழின் தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். சரி, நல்லதுதான். இப்போது வருகிற தொலைபேசிகளில் கேள்வி மாறியிருக்கிறது: "எத்தனை நாளில் போடுவீங்க?" மாதக் கணக்கில் ஆகும் என்றதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள்.