சனிக்கிழமைச் சீட்டுகள்

கிராம சுகாதார செவிலியராக 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமை காலையில் ஆண் பிள்ளைகளுக்கான ஒரு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய், உடல்நலம் பற்றியும் உறவுகள் பற்றியும் பேசி வருகிறேன். வழக்கில் சிக்கிய, 18 வயது நிரம்பாத பையன்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது. வெளியே எல்லோரும் சிறுவர் ஜெயில் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் இதில் ஊரும் இருக்காது, பேரும் இருக்காது.

முதல் சனிக்கிழமை வளரிளம் பருவம் பற்றிய படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஹார்மோன், குரல் உடைவது, முகப்பரு என்று பத்து நிமிஷம் பேசியிருப்பேன். ஒருத்தனும் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்புக் கயிறு படும் இடத்தில். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "கையை நீட்டுங்க தம்பி" என்றேன். அத்தனை பேருக்கும் சிரங்கு. இரண்டு மூன்று பேருக்கு ஒரே துண்டு, நெருக்கிப் போட்ட பாய்கள். பிறகு எப்படிப் பரவாமல் இருக்கும்?

சிரங்குக்கு ஒருத்தனுக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை தடவ வேண்டும். துணியையும் விரிப்பையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். இத்தனை பேருக்கும் சேர்த்து மருந்து வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர்கள் ராத்திரி தூங்கவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மருந்து வந்த அன்றைக்குத்தான் அவர்கள் என்னோடு பேச ஆரம்பித்தார்கள்.

அப்புறம் சீட்டு முறை கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், பென்சில். பென்சிலை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். கேட்க எதுவும் இல்லை என்றாலும் வெறும் தாளை மடித்துப் பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. எழுதத் தெரியாத பிள்ளைகளுக்காக, நான் கிளம்பும்முன் கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். வந்து காதில் சொல்லலாம்.

முதல் சீட்டு இது: "சிஸ்டர் அந்த எடத்துல கொப்பளமா இருக்கு. எய்ட்ஸா?" இதே கேள்வி நான்கு சீட்டுகளில் இருந்தது. சிரங்குப் பூச்சிக்குப் பிறப்புறுப்பின் தோலும் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தப் பிள்ளைகள் வாரக்கணக்கில், தாங்கள் செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாயில் படுத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்து அதிகம் வந்தது கைப்பழக்கம் பற்றி. நரம்புத் தளர்ச்சி வருமா, கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தை பிறக்காதா, ஒரு சொட்டு விந்து போனால் நாற்பது சொட்டு ரத்தம் போகுமா? இந்தப் பொய்களையெல்லாம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸிலிருந்து கற்றிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. பாதிப் பேர் அந்த வகுப்பு வரை போகவில்லை. போனவர்கள், "அதை வீட்ல படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்றார்கள். கிராமத்தில் நானும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்த பிள்ளைகளுக்குத்தான் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன், அறிவுரை சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கும் ஹோட்டலுக்கும் போன பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. அது என் மனதில் முள்ளாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இந்தச் சீட்டு வந்தது: "அவ வேணாம்னு சொன்னா நெசமாவே வேணாம்னு அர்த்தமா?"

படித்ததும் சிலர் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. "இங்க வந்த அன்னைக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கத் தடவிச் சோதனை போட்டாங்களே, அப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. வெகுநேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கூசுச்சு சிஸ்டர்."

இன்னொருத்தர் தொடும்போது உடம்பு சுருங்குவதற்கும், வெட்கப்படுவதற்கும், அருவருத்து ஒதுங்குவதற்கும் நமக்கு இந்த ஒரே சொல்தான். அதை அவன் சரியான இடத்தில் எடுத்து வைத்தான். "அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான்ப்பா கூசும். நீ வேண்டாம்னு சொல்ல முடியாத இடத்துல நின்னே. அவ வாயைத் திறந்து சொல்லியிருக்கா" என்றேன். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க இதைத்தான் பேசினோம். பயந்துபோய்ச் சும்மா இருப்பது சம்மதமா? நேற்று சரி என்றவள் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா? பெண் 'ஓகே' சொல்லும்வரை பின்னாலேயே போவதுதான் காதல் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். கேட்டுப் பார், பதிலை ஏற்றுக்கொள் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வரிசையில் யார் எந்த வழக்கில் வந்தவன் என்று நான் கேட்பதில்லை. சிலர் தாங்களே சொல்வார்கள். 17 வயதுப் பையன் ஒருவன், 16 வயதுப் பெண்ணோடு வேறு ஊருக்குப் போய் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தவன், "அவளேதான் வந்தா சிஸ்டர். அப்புறம் எப்படி என் மேல போக்சோ?" என்று கேட்டான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் தரும் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கக் கொண்டுவந்த போக்சோ சட்டத்தில் 2012 முதல் அப்படித்தான். பதின்பருவக் காதலை இந்தச் சட்டத்துக்குள் இழுப்பது அதன் நோக்கமல்ல, திருத்தம் வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பில் எழுதினார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இன்றைக்குச் சட்டம் இதுதான் என்று அவனிடம் சொன்னேன். இங்கே வந்த பிறகுதான் அது அவன் காதில் விழுகிறது.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு யாராவது தப்பு செஞ்சிருந்தா, என்கிட்ட சொன்னா நான் மூடி வைக்க முடியாது. போலீஸ்ல சொல்லியே ஆகணும், சட்டம் அப்படி. யோசிச்சுச் சொல்லுங்க." இதைச் சொன்னால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பயந்தேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மரத்தடிக்கு ஒருவன் வந்தான். பதினொரு வயதில், லாரி ஷெட்டில். "நீங்க சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் சிஸ்டர் சொல்றேன்" என்றான். சொன்னபடி புகார் கொடுத்தேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன், கூடவே போனேன். முடிவு அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். திரும்பி வரும் வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான்.

இவர்கள் ரொம்ப நாள் இருப்பதில்லை. ஜாமீன் கிடைத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை பாய் காலியாக இருக்கும். மூன்று வகுப்பில் என்ன சொல்ல முடியுமோ அதைத்தான் சொல்ல முடிகிறது. போன மாதம் ஒருவனை மட்டும் வாசலில் பார்க்க முடிந்தது. அவன் அம்மா கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"சிஸ்டர், அந்த மருந்து ஒரு பாட்டில் கிடைக்குமா? தங்கச்சிக்கும் அரிக்குதாம், அம்மா சொல்லுச்சு. எல்லாரும் ஒரே ராத்திரில தடவணும்ல?"

தங்கச்சிக்கு எத்தனை வயது என்று கேட்டேன். ஆறு. சின்னப் பிள்ளைக்கு மருந்தும் அளவும் வேறு என்று சொல்லி, அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.