கோபி டீச்சரைத் தேடியபோது கிடைத்த பட்டியல்

ஈரோட்டில் கைத்தறித் துணி விற்கும் ஒரு கடையின் ஆன்லைன் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். பவானி ஜமுக்காளம், சென்னிமலை பெட்ஷீட், நெகமம் பருத்திப் புடவை, இவைதான் முக்கியமான சரக்கு. ஜமுக்காளம் வாங்குகிறவர்கள் வேறு, நெகமம் புடவைக்காக வருகிறவர்கள் வேறு. ஆனால் எல்லாருக்கும் ஒரே மெயில்தான் போய்க்கொண்டிருந்தது. கடையை நடத்தும் அக்காவுக்கு அது சரியாகவே பட்டது. "அனுப்பறதுதான் அனுப்பறோம், எல்லாத்துக்கும் போகட்டுமே தம்பி" என்பார்.

அவரைச் சம்மதிக்க வைத்தது ஜிமெயிலின் விதி. 2024 பிப்ரவரியிலிருந்து, அனுப்புகிற மெயிலை ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் சொல்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பட்டனை அழுத்தினால் போதும், ஆசையாக எதிர்பார்க்கிறவர்களுக்கும் நம் மெயில் ஸ்பேமுக்குள் போக ஆரம்பிக்கலாம். "அப்ப வேணுங்கிறவங்களுக்கு மட்டும் அனுப்பு" என்றார் அக்கா.

வேண்டும் என்கிறவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. வாடிக்கையாளர் பட்டியலை முதலில் ஊரை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். ஊர் என்ற கட்டத்தில் மக்கள் இஷ்டப்படி எழுதியிருந்தார்கள். திருச்சிக்கே ஆங்கில எழுத்தில் நான்கைந்து வடிவம். கோவை, கோயம்புத்தூர், சிபிஇ மூன்றும் தனித்தனி ஊராக நின்றன. தூத்துக்குடியைத் தேடினால் டூட்டிகொரின்காரர்கள் வர மாட்டார்கள். தேடல் பெட்டிக்கு எழுத்துதான் தெரியும், ஊர் தெரியாது.

பின்கோடு அப்படி இல்லை. அது தப்பானால் பார்சல் வராது என்பதால் எல்லாரும் கவனமாகப் போடுகிறார்கள். 60 முதல் 66 வரை தொடங்கினால் தமிழ்நாடு, புதுச்சேரி. 67 முதல் 69 வரை கேரளப் பக்கம். 638 ஈரோடு வட்டாரம், 641 கோவையும் திருப்பூரும், 642 பொள்ளாச்சி. 'பின்கோடு இந்த எண்ணில் தொடங்குகிறது' என்று ஒரு நிபந்தனை போட்டால், ஊர்ப்பெயரைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டிய வேலையே மிச்சம்.

பெயர்க் கட்டத்துக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை. நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் போடுவார்கள். மெயில் அனுப்பும் மென்பொருள் அதையே முதற்பெயராக எடுத்துக்கொண்டு "வணக்கம் எம்" என்று மெயில் அனுப்பும். பட்டியலை எக்செல்லில் இறக்கி, முதற்பெயர் ஒன்றிரண்டு எழுத்தாக இருக்கிற வரிகளை மட்டும் வடிகட்டிச் சரிசெய்து, மறுபடி ஏற்றினேன். ஏற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மெயில் வேண்டாம் என்று ஏற்கெனவே விலகியவர்கள் விலகியவர்களாகவே இருக்க வேண்டும். புதுச் சந்தாதாரர்களாக அவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது நம்பிக்கைத் துரோகம்.

அடுத்து நிபந்தனைகளைக் கோப்பது. பெரும்பாலான மென்பொருளில் 'எல்லாம் பொருந்த வேண்டும்', 'ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்' என்று இரண்டு வழி இருக்கும். கொங்குப் பகுதியில், கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 638, 641, 642 மூன்றையும் 'எல்லாம்' என்று போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்; ஒரே பின்கோடு எப்படி மூன்று விதமாகத் தொடங்கும்? 'ஏதாவது' என்று மாற்றினால், ஆறு மாதத்தில் வாங்கிய சென்னைக்காரரும் டெல்லிக்காரரும் சேர்ந்து வந்துவிடுவார்கள். நான் இதை இரண்டு படியாகப் பிரித்தேன். மூன்று பின்கோட்டையும் 'ஏதாவது' என்று போட்டு, வந்தவர்களுக்குக் 'கொங்கு' என்று டேக், அதாவது ஓர் அடையாளக் குறிப்பு, போட்டேன். அப்புறம் அந்த டேக்கையும் ஆறு மாதக் கணக்கையும் 'எல்லாம்' என்று கோத்தேன். ஒன்று நினைவிருக்கட்டும், மெயில்சிம்ப் போன்ற மெயில் மென்பொருள்களில் செக்மென்ட், அதாவது நிபந்தனை போட்டுப் பிரித்த பட்டியல், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கையால் போட்ட டேக் அப்படியேதான் இருக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு நாம்தான் போட வேண்டும்.

'இல்லை' என்று வரும் நிபந்தனைகளை இன்னும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 'ஒரு வருடமாக வாங்கவில்லை' என்று கேட்டால், எதையுமே வாங்காமல் மெயில் ஐடி மட்டும் கொடுத்தவர்களும் அதில் அடக்கமாக இருக்கலாம். "உங்களை ரொம்ப நாளாகக் காணோமே" என்று அவர்களுக்கு எழுதினால் என்ன நினைப்பார்கள்? 'ஒரு முறையாவது வாங்கியிருக்கிறார்' என்பதையும் சேர்த்தால்தான் சரியாக வரும். மெயிலைத் திறந்தவர்கள் என்ற கணக்கை நான் நம்புவதே இல்லை. மெயிலில் இருக்கும் ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகும். க்ளிக் செய்தார்களா, வாங்கினார்களா, இந்த இரண்டு போதும்.

பட்டியல் தயாரானதும் அனுப்பிவிடவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதுல கண்டிப்பா இருக்கணும்னு நீங்க நெனைக்கிற ஆளுங்க பேரச் சொல்லுங்கக்கா" என்றேன். வாடிக்கையாளர்களை அவர் ஞாபகம் வைத்திருக்கும் விதமே தனி. யார் எந்தக் கரை போட்ட ஜமுக்காளம் எடுத்தார், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்று சொல்வார். அவர் சொன்ன பெயர்களைத் தேடலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் இருந்தார்கள்.

"கோபி டீச்சர் வந்துட்டாங்களா?"

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் டீச்சர் அவர். தேடினேன், இல்லை. மெயில் ஐடி இல்லை, போன் நம்பரும் பொருந்தவில்லை. "வருசா வருசம் பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் பார்சல் போகுதே தம்பி" என்று அக்கா விடவில்லை. ஆர்டர் பக்கத்தில் போய் டெலிவரி முகவரியைத் தேடியபோது டீச்சர் கிடைத்தார். ஆர்டர் போட்டவர் பெங்களூருவில் இருக்கும் மகன். பில் முகவரி 560-இல் தொடங்கியது, பார்சல் போனது கோபிக்கு. மென்பொருள் பில் முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பெங்களூருக்காரராக வைத்திருந்தது.

இப்படி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று அப்போதுதான் கேள்வி வந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோடு ஒப்பிட வழி இல்லை. அதனால் எக்செல்லில் இரண்டு பின்கோட்டின் முதல் மூன்று எண்களையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் 'ஆம்' என்று வருகிற மாதிரி ஒரு பத்தி சேர்த்து, அதையும் ஏற்றினேன். பிறகு அந்த 'ஆம்'-ஐ டெலிவரி பின்கோட்டோடு கோத்தேன். பெங்களூரு, சென்னை, ஹைதராபாத்திலிருந்து அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். "நம்மூர்ப் புள்ளைங்க எல்லாம்" என்று அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

அவர்களுக்கு மட்டும், மார்கழியிலேயே, தனியாக ஒரு மெயில் போனது. தள்ளுபடி எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர எந்தத் தேதிக்குள் ஆர்டர் போட வேண்டும், பெரியவர்கள் சிரமமில்லாமல் மடிக்கக்கூடிய சின்ன அளவு ஜமுக்காளம் எது, அவ்வளவுதான். எந்த மெயிலுக்கும் வராத பதில்கள் இதற்கு வந்தன. "அம்மாவுக்குப் போன தடவை வாங்கினதே இருக்கு, அப்பாவுக்குத் துண்டு இருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கா போன் செய்தே பேசினார்.

இப்போது ஆர்டர் படிவத்திலேயே 'வேறு ஒருவருக்கு அனுப்புகிறேன்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். டிக் செய்தால் டேக் தானாக விழும், எக்செல் கணக்கு தேவையில்லை. அடுத்து மொத்தமாக எடுக்கும் மண்டபக்காரர்களையும் கடைக்காரர்களையும் பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் கொடுத்திருப்பவர்களை எடுத்தாலே பாதி வேலை முடியும். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 தமிழ்நாடு, 32 கேரளா, 29 கர்நாடகா. அவர்களுக்கு மெயில் வேண்டாம், பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடு, நானே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.