பாலில் வேகும் குடலும் வெடித்த பிளாக் புட்டிங்கும்: ஐந்து ஞாயிறுகளின் சமையல் குறிப்பு

வட இங்கிலாந்தின் போல்டன் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் 85 வயது மூதாட்டி, ஒரு நாள் எங்கள் அடுப்பிலிருந்து எழுந்த குடல் குழம்பின் வாசனையை மோப்பம் பிடித்து, வேலிக்கு அப்பால் நின்றபடியே "அது ட்ரைப் தானே?" என்று கேட்டார். ஆம் என்றதும், மசாலாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல், பாலும் வெங்காயமும் சேர்த்து வேகவைத்த ட்ரைப்பைச் சாப்பிட்டு முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். அதைச் செய்து கொடுத்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன். குடல் சமைப்பது எனக்குத் தெரிந்த வேலை என்ற இறுமாப்பும் அந்த முடிவில் கொஞ்சம் இருந்தது.

ட்ரைப் என்பது மாட்டின் இரைப்பை. போல்டனை உள்ளடக்கிய பழைய லங்காஷயர் மாவட்டத்தின் பருத்தி ஆலைகளில் பெண்களும் நாள் முழுவதும் வேலை செய்ததால், வீட்டில் மணிக்கணக்காக அடுப்பு எரிக்க ஆளில்லை. ஆகவே கழுவி, சுரண்டி, வேகவைத்து விற்கப்பட்ட ட்ரைப் அவர்களுக்கு மலிவான ஆயத்த உணவாக இருந்தது. 1920இல் பல ட்ரைப் வியாபாரிகள் சேர்ந்து உருவாக்கிய யுனைடெட் கேட்டில் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்துக்கு, வட இங்கிலாந்து ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளும் உணவகங்களும் இருந்தன. எல்லோரும் யு.சி.பி. என்றே சொல்வார்களாம். 1954இல் போர்க்காலத்து இறைச்சிப் பங்கீடு முடிந்து, நல்ல கறி கைக்கு எட்டத் தொடங்கிய பிறகு, ட்ரைப் ஏழ்மையின் அடையாளமாகிப் படிப்படியாக ஒதுங்கிப்போனது. இப்போது அது பெரும்பாலும் நாய்களுக்கான உணவாக விற்கப்படுகிறது என்பதை மூதாட்டி சற்றுக் கோபத்தோடு சொன்னார்.

முதல் ஞாயிறு. பக்கத்து ஊரான பெரி நகரச் சந்தையில், தேன்கூட்டைப் போல அறுகோணக் குழிகள் கொண்ட வெள்ளை ட்ரைப் அரை கிலோ வாங்கினேன். அது ஏற்கெனவே சுத்தம் செய்து வேகவைத்தது என்று கடைக்காரர் சொல்லியும், பழக்க தோஷத்தால் மஞ்சள் தூளும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பால் கொதி வந்த ஐந்தாவது நிமிடம் திரிந்தது. அந்தக் குழிகள் ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சள் நீரில் மிதந்த அந்தப் பால் கட்டிகளை யாருக்கும் காட்டாமல் கொட்டினேன்.

இரண்டாம் ஞாயிறு பால் திரியவில்லை. ஆனால் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்காமல் எந்தப் பாத்திரத்திலும் சேர்க்க என் கை ஒப்பவில்லை. ஒரு வாய் உண்ட மூதாட்டி, "வெங்காயத்தை ஏன் இப்படிக் கருக்கினாய், லவ்?" என்று கேட்டார். இப்பகுதிக் கடைகளிலும் பேருந்துகளிலும் முன்பின் தெரியாதவரைக் கூட இப்படித்தான் அழைப்பார்கள். குழம்பின் நிறம் தட்டின் நிறத்தைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் அவர் தந்த ஒரே அளவுகோல்.

மூன்றாம் ஞாயிறு கைகூடியது. பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசிய அரை கிலோ ட்ரைப்பை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, மூன்று பெரிய வெங்காயங்களோடு 600 மில்லி பாலில் போட்டு, ஒரு பிரிஞ்சி இலை சேர்த்து, பால் சற்றே அசையும் தீயில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு 30 கிராம் வெண்ணெயில் அதே அளவு மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அந்தப் பாலை ஊற்றிக் கெட்டியாக்கி, உப்பும் வெள்ளை மிளகுத் தூளும் துளி ஜாதிக்காயும் சேர்த்தேன். சுவை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பல்லில் சற்றே எதிர்த்துப் பின் இளகும் அந்தப் பதம்தான் உணவு, மற்றதெல்லாம் அதற்கு விலகி நிற்கிறது. நான் கடைசித் துண்டுகளை நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மூதாட்டி பலகையிலிருந்து ஒன்றை எடுத்து, உப்பும் வினிகரும் தெளித்து, நின்றபடியே தின்றார். அவருடைய தந்தை சனிக்கிழமைகளில் இப்படித்தான் காகிதத்தைப் பிரித்த கையோடு குளிர்ந்ததையே தின்பாராம்.

அடுத்தது பிளாக் புட்டிங், அதாவது பன்றி ரத்தமும் தானியமும் கொழுப்பும் குடலில் அடைத்துச் செய்யும் கறுத்த சாசேஜ். பெரி நகரத்தின் பெருமையான இதைச் சந்தையில் சுடச்சுட வாங்கி, நீளவாக்கில் பிளந்து, கடுகுச் சாந்து தடவித் தின்னலாம். வீட்டில் செய்வதற்குப் பன்றி ரத்தம் புதிதாகக் கிடைப்பது அரிது. பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் உலர்ந்த ரத்தத் தூளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் நானும் அதையே வாங்கிக் கரைத்தேன். வெந்த பார்லி, ஓட்ஸ் நொய், வெங்காயம், சுண்டுவிரல் நுனியளவு நறுக்கிய பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைக் கலந்தேன். மரபாகச் சேர்க்கும் பென்னிராயல், புதினா இனத்தைச் சேர்ந்த இலை. அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பதால் அதைத் தவிர்த்து மருவும் புதினாவும் போட்டேன். மாட்டுக் குடலில் அடைத்து, இரு முனைகளையும் சேர்த்துக் குதிரை லாட வடிவில் கட்டினேன்.

நான்காம் ஞாயிறு கட்டிய ஆறில் நான்கு, தளதளவென்று கொதித்த நீரில் வெடித்து, அடுப்படி முழுவதும் பழுப்புக் கூழானது. பெரிக்கு அருகிலுள்ள ராம்ஸ்பாட்டமில் ஆண்டுதோறும் செப்டம்பரில், இருபதடி உயரத்தில் அடுக்கிய யார்க்ஷயர் புட்டிங்குகளை (மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சுடும் பண்டம்) பிளாக் புட்டிங் எறிந்து வீழ்த்தும் போட்டி நடக்கிறது. என்னுடையவற்றை அங்கே கொண்டுபோயிருந்தால் எறிபவர் கையிலேயே பிசுபிசுத்திருக்கும்.

ஐந்தாம் ஞாயிறு வெப்பமானியை நீரில் தொங்கவிட்டு, 80 டிகிரியைத் தாண்டவிடாமல், மேலே மிதந்தவற்றை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி 40 நிமிடம் வைத்தேன். ஆறும் முழுதாக வந்தன. மூதாட்டி ஒன்றைப் பிளந்து, வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளைக் கத்தி முனையால் எண்ணிப் பார்த்துவிட்டு, கொழுப்பு இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்றார். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து என் பாத்திரம் கழுவித் திரும்பியது. உள்ளே, நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் தீ மூட்டிக் கொண்டாடும் சொக்கப்பனை இரவில் வினிகர் ஊற்றித் தின்பதற்கான கரும்பட்டாணி ஒரு பொட்டலம், முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும் என்ற சீட்டோடு இருந்தது.